மெல்லப் புரட்டவில்லை

வீட்டில் அவளுக்குப் பெரியவள் என்று பெயர். தங்கைக்குச் சின்னவள். அப்பா கூப்பிட்டுப் பழக்கிய பெயர்கள். இருவரும் நாற்பதைத் தாண்டிய பிறகும் அவை மாறவில்லை.

பெரியவள் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை செய்தாள். வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக விரிப்புகள் கீழ்த்தளத்துக்கு வரும். பிரித்து, கறை பார்த்து, இயந்திரத்தில் போட்டு, உலர்த்தி, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டுத் தேய்த்து, மடித்து மேலே அனுப்ப வேண்டும். மடிக்கும் மேசைதான் அவளுடைய இடம். எதிர்முனையில் நிற்பவளுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். வாய் ஓயாது. இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்கும் குரல்.

சின்னவள் வெளியூர்க் கல்லூரியில் பாடம் நடத்தினாள். கவிதையும் எழுதினாள். பெரியவளோ பள்ளிக்கூடத்தோடு கவிதையைத் தலைமுழுகியவள். அங்கே கவிதை என்றால் மனப்பாடப் பகுதி. ஒரு சொல் தப்பினால் மதிப்பெண் போகும், இரண்டு தப்பினால் முட்டி போட வேண்டும். அதற்குப் பிறகு அவள் கவிதைப் பக்கமே போகவில்லை. சின்னவளின் புத்தகம் தபாலில் வந்தபோதுகூட, "நல்லா இருக்கு, அட்டை" என்று போனில் சொல்லிவிட்டு அதைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தாள். அதன் மேல் மின்கட்டண ரசீதுகள் ஏறின.

அப்பா படுக்கையில் விழுந்து மூன்று வருஷம் கிடந்தது பெரியவளின் வீட்டில்தான். காலையில் அவரைத் துடைத்து, விரிப்பு மாற்றி, சாப்பாடு ஊட்டி வேலைக்கு ஓடுவாள். அங்கே நாள் முழுக்க ஊரார் விரிப்பு. சாயங்காலம் திரும்பினால் மறுபடி அப்பாவின் விரிப்பு. கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுப்பவர். வீட்டில் இருக்கும்போது அப்பாவைத் தூக்கிப் பிடிப்பார். சின்னவள் வருஷத்தில் இரண்டொரு முறை வந்து பார்த்துவிட்டுப் போவாள். அப்பா போன அன்று தற்செயலாக வீட்டில் இருந்தாள்.

அப்பா இறந்து நான்கு வருஷம் கழித்து, அவளுக்கு வார விடுப்பான ஒரு நாள் காலையில், அந்த மூன்று வருஷமும் எட்டிப் பார்க்காத சித்தப்பா போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினார். ஏதோ ஓர் ஊரில் நடந்த புத்தகக் கூட்டம். மேடையில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். ஒலிபெருக்கி முன்னால் நின்ற ஆள், "தந்தையை மூன்று ஆண்டுகள் தன் கையால் பராமரித்த மகள், அந்த அனுபவத்தை இங்கே கவிதையாக்கியிருக்கிறார்" என்றார். கைதட்டினார்கள். சின்னவள் தலையைக் குனிந்து லேசாகச் சிரித்தாள். அவ்வளவுதான் வீடியோ.

அதன் கீழே சித்தப்பா குரலில் ஒரு செய்தி: "பாரும்மா, எவ்வளவு உருக்கமா எழுதியிருக்கா உன் தங்கச்சி. நீயும் கொஞ்சம் பாத்துக்கிட்டே இல்ல, உனக்கும் ஞாபகம் வரும்."

நீயும் கொஞ்சம். பெரியவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு நேராகப் போய் ரசீதுகளைத் தள்ளிப் புத்தகத்தை எடுத்தாள். கவிதை படிக்கும் ஆசையில் இல்லை. சண்டைக்குப் போகிறவள் வெறுங்கையோடு போகக் கூடாது என்றுதான். பக்கங்களைப் புரட்டி, 'அப்பா' என்ற சொல் கண்ணில் பட்ட இடத்தில் நிறுத்தினாள்.

*படுக்கை*

*இடப்பக்கம் புரண்டால் சுவர்.*
*வலப்பக்கம் புரண்டால் நான்.*
*மெல்லப் புரட்டுகிறேன்*
*அப்பாவை, சுவரிலிருந்து என்னிடம்.*

*ஈரத்துணியை மெல்ல உருவுகிறேன்.*
*உலர்ந்ததை மெல்ல விரிக்கிறேன்.*

*வாசலில்*
*தோள்பையை இறக்காமல் நிற்கிறாள்*
*வெளியூரிலிருந்து வந்தவள்.*
*"எப்படி இருக்கார்?" என்கிறாள்,*
*அவரிடம் அல்ல, என்னிடம்.*

*அவர் போன காலையில்*
*ஜன்னலைத் திறந்தேன்.*
*காற்று வந்தது.*
*காற்று மட்டும் வந்தது*
*என்று சொல்லிக்கொண்டேன்.*

ஒரே மூச்சில் படித்து முடித்தாள். புத்தகத்தை மேசையில் அறைந்து வைத்தாள்.

"என்னாச்சு?" என்றார் கணவர். பயிற்சிப் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பாவை அவ புரட்டினாளாம். அவ விரிச்சாளாம். அதுகூடப் பரவால்ல. வாசல்ல பையோட வந்து நின்னு 'எப்படி இருக்கார்'னு கேட்டுட்டுப் போனவ நானாம். எழுதி அச்சடிச்சு வச்சிருக்கா."

"கவிதையில சும்மா ஏதாவது சொல்லுவாங்க. அதைப் போய்ப் பெருசா..."

"சும்மாவா? அவரைத் தூக்கித் தூக்கி உங்க இடுப்பு பிடிச்சுக்கிட்டது சும்மாவா?"

அவர் பொத்தானை மாற்றிப் போட்டுவிட்டு அவிழ்த்தார். "இன்னொரு தடவை பாரேன். புதுசா ஓட்ட வர்றவங்க முதல் நாள் கண்ணுக்கு எதிர்ல இருக்கிற லாரியை மட்டும்தான் பாப்பாங்க. பக்கத்துல என்ன வருதுன்னு தெரியாது."

"நான் ஒண்ணும் லாரி ஓட்டலை" என்று அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரங்கள் அன்று வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவப்பட்டன.

மறுநாள் புத்தகத்தை வேலைக்கு எடுத்துப் போனாள். யாரிடமாவது கொட்டாவிட்டால் வெடித்துவிடுவாள் போலிருந்தது. சாப்பாட்டு இடைவேளையில், உலர்த்தும் இயந்திரத்தின் வெதுவெதுப்பில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, ரேடியோவிடம் நடந்ததைச் சொன்னாள். ரேடியோ சோற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு, "கொடு, நான் படிக்கிறேன்" என்று வாங்கினாள்.

ரேடியோவுக்கும் கவிதை புதுசுதான். செய்தித்தாள் வாசிப்பதைப் போல மளமளவென்று வரிகளைச் சேர்த்துப் படித்தாள். "அவரிடம் அல்ல என்னிடம் அவர் போன காலையில் ஜன்னலைத் திறந்தேன்..."

"அப்படி இல்லடி. அங்க வரி முடியுது, இடம் விட்டிருக்கா பாரு. நிறுத்திப் படி."

"எதுக்கு நிறுத்தணும்?"

"எனக்கென்ன தெரியும்? விட்டிருக்கா. ஏதோ ஒரு காரணத்துக்குத்தானே விட்டிருப்பா."

ரேடியோ நிறுத்திப் படித்தாள். இப்போது வேறு மாதிரி கேட்டது. 'என்னிடம்' என்று நின்ற இடத்தில் ஓர் அமைதி வந்தது. அந்த அமைதிக்குள் ஆள் செத்துப் போயிருந்தார். அடுத்த வரி 'அவர் போன காலையில்'. ரேடியோ வாய் மூடி இருந்ததைச் சலவைப் பிரிவில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

"சரி, என்ன நடக்குதுன்னு முதல்ல பார்ப்போம்" என்றாள் ரேடியோ. "அர்த்தமெல்லாம் அப்புறம். ஒருத்தி அப்பாவைப் புரட்டுறா, துணி மாத்துறா. இன்னொருத்தி வர்றா, கேக்குறா. அப்பா போயிடுறார். முதல் ஆளு ஜன்னலைத் திறக்குறா. இவ்வளவுதானே?"

"இவ்வளவுதான். முதல் ஆளு அவ, இன்னொருத்தி நான். அதுதான் அக்கிரமம்."

"நீ தோள்பை வச்சிருந்தியா?"

"நான் எங்க தோள்பை வச்சேன்? சாப்பாட்டுக் கூடைதான். கையில தூக்கிட்டு வருவேன்."

"வந்து வாசல்ல நிப்பியா?"

"என் வீட்டுக்குள்ள வர நான் எதுக்குடி வாசல்ல நிக்கணும்? நேரா உள்ள போயி..." அவள் பேச்சு அந்தரத்தில் நின்றது.

சின்னவள்தான் தோள்பை மாட்டிக்கொண்டு வருவாள். திரும்பிப் போகும் பேருந்துக்கு நேரம் பார்த்துக்கொண்டே வருவாள். "பையை இறக்கிட்டு உட்காரேன்" என்று பெரியவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அப்பாவின் அறை வாசலைத் தாண்டி உள்ளே வர அவளுக்குத் தயக்கம். அந்த வாடை. வாசலில் நின்றபடியே "எப்படிக்கா இருக்கார்?" என்பாள்.

"சுவரு எந்தப் பக்கம்?" ரேடியோ விடவில்லை.

"அவருக்கு இடது பக்கம். வலது பக்கம் நான் நிப்பேன்." சொல்லிவிட்டுப் பெரியவள் புத்தகத்தைப் பிடுங்கினாள். *வலப்பக்கம் புரண்டால் நான்.* மறுபடி படித்தாள். மறுபடியும். வெளியூரிலிருந்து வந்தவள் சின்னவள் என்றால், அந்த 'நான்' யார்?

"எழுதினவதானே அந்த 'நான்'?" என்றாள் ரேடியோ குழப்பமாக.

"அப்படித்தான் நானும் நினைச்சேன். எல்லாரும் அப்படித்தான் நினைச்சுக் கை தட்டுறாங்க. இது அவ இல்லடி. இது நான். என் வாயால அவ பேசியிருக்கா."

"அப்போ நல்லதுதானே. உன்னைத்தான் எழுதியிருக்கா. கோவம் போச்சா?"

போகவில்லை. கோபம் ஓர் இடத்தை விட்டு எழுந்து இன்னோர் இடத்தில் உட்கார்ந்தது. பெரியவள் கடைசி வரிகளில் விரல் வைத்திருந்தாள். காற்று வந்தது. காற்று மட்டும் வந்தது என்று சொல்லிக்கொண்டேன்.

"இதுல என்ன இருக்கு?" என்றாள் ரேடியோ. "ஜன்னலைத் திறந்தா காத்து வரும்."

"காத்து வந்ததுன்னு ஒரு தடவை சொல்லியாச்சு. அப்புறம் எதுக்கு 'மட்டும்'? அதுவும் 'சொல்லிக்கொண்டேன்'. நீ எப்போ ஒண்ணை உனக்கே சொல்லிக்குவே?"

ரேடியோ யோசித்தாள். "அது அப்படி இல்லைன்னு தெரியறப்போ."

உலர்த்தும் இயந்திரம் சுற்றி முடித்து மணியடித்தது. இருவரும் எழுந்தார்கள். அன்று மாலை வரை பெரியவள் விரிப்பின் முனைகளை வெடுக்கென்று இழுத்தே மடித்தாள். எதிரில் நின்ற ரேடியோ ஒவ்வொரு தடவையும் ஓரடி முன்னால் தள்ளாடினாள்.

அந்தக் காலையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவின் மூச்சு நின்றதும் அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஜன்னலைத் திறந்தாள். நெஞ்சுக்குள் ஏதோ ஒரு சுமை சட்டென்று இறங்கியது. அப்பாடா என்றிருந்தது. அடுத்த கணமே அதை அமுக்கிவிட்டாள். வாசலில் சின்னவள் நின்றுகொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். தன் முதுகை வைத்தே தங்கை இவ்வளவையும் படித்திருப்பாள் என்பது தெரியாது.

ஆக, இரண்டு பக்கமும் அடி. கவிதையைத் தப்பாகப் படிப்பவர்கள் அவளுடைய உழைப்பைத் தங்கைக்குக் கொடுத்தார்கள். சரியாகப் படிப்பவர்களுக்கோ அவளுடைய அந்தரங்கம் திறந்து கிடந்தது. இதில் எது மோசம் என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை.

கொஞ்ச நாளில் சின்னவளே போன் செய்தாள். பெரியவளின் ஊர் நூலகத்தில் அவளுக்குக் கூட்டம். "நீயும் வாக்கா. நீ வந்ததே இல்லையே."

"வர்றேன்" என்றாள் பெரியவள். குரலில் ஒன்றும் காட்டவில்லை.

நூலகத்தின் வாசிப்பு அறையில் மேசைகளை ஓரமாகத் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். பெரியவளும் ரேடியோவும் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். சின்னவள் அந்தக் கவிதையைப் படித்தாள். நன்றாகத்தான் படித்தாள். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினாள். முன்வரிசைப் பெண் ஒருத்தி கைக்குட்டையை எடுத்தாள். பிறகு, கூட்டம் நடத்தியவர் எழுந்து, "மூணு வருஷம் அப்பாவை இப்படிப் பாத்துக்கிட்ட மகள் இந்தக் காலத்துல கிடைக்க மாட்டாங்க" என்று நெகிழ்ந்தார். அவர் மேல் பெரியவளுக்குக் கோபம் இல்லை. முதல் தடவை அவளும் அப்படித்தானே படித்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது சின்னவளின் வாயை. அது திறக்கவில்லை. வீடியோவில் போலவே தலை குனிந்தது. அதே லேசான சிரிப்பு.

கேள்வி கேட்கலாம் என்றார்கள். பெரியவள் எழுந்தாள். ரேடியோ அவள் புடவையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"அந்தக் கவிதையில வாசல்ல பையோட ஒருத்தி நிக்கிறாளே" என்றாள் பெரியவள். "அவ யாரு?"

சின்னவளின் முகம் வெளுத்தது. நடத்தியவர் உதவிக்கு வந்தார். "யாராவது ஒரு உறவினரா இருக்கலாம்..."

"அவங்ககிட்ட கேட்டேன்."

சின்னவள் புத்தகத்தை மூடினாள். "நான்" என்றாள்.

"அப்போ புரட்டுறது?"

"எங்க அக்கா." பிறகு, ஒலிபெருக்கியை விட்டு விலகி, "அதோ நிக்கிறாங்களே, அவங்கதான்" என்று கை காட்டினாள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவள் உட்காரவில்லை, பெருமைப்படவும் இல்லை. கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

கூட்டத்தை அரைகுறையாக முடித்துக்கொண்டு சின்னவள் ஓடி வந்தாள். நூலகத்தின் பின்பக்கம், சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் அக்காவைப் பிடித்தாள்.

"எத்தனை பேர் முன்னாடி என்னை நிக்க வச்சுட்டே. இதை வீட்டுல வந்து கேட்டிருக்கக் கூடாதா?"

"எழுதறதுக்கு முன்னாடி நீ வீட்டுல வந்து என்னைக் கேட்டியா?"

சின்னவள் தோள்பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எழுதினதுகூட விட்டுடறேன். கையெல்லாம் என்னோடது, கைதட்டல் மட்டும் உனக்கு. அப்போ ஒரு வார்த்தை சொல்ல உனக்கு என்னடி கேடு? 'நான் இல்ல, எங்க அக்கா'ன்னு. வாய் வலிச்சுதா?"

"கவிதைக்கு விளக்கம் சொல்லக் கூடாதுன்னு..."

"விளக்கமா கேட்டேன்? பொய்யைத் திருத்தச் சொன்னேன்."

சின்னவள் அழ ஆரம்பித்தாள். அழுகையோடு அவளுக்கும் கோபம் வந்தது. "முதல் கூட்டத்துலயே சொல்லத்தான் நினைச்சேன். அதுக்குள்ள கை தட்டிட்டாங்க. அப்பாவுக்கு நான் ஒண்ணுமே செய்யலைன்னு எனக்குத் தெரியாதா? ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், செஞ்சவளா இருந்து பார்க்கலாம்னு... தப்புதான். ஆனா கவிதையில நான் ஒரு பொய்யும் எழுதலை."

"எழுதியிருக்கே." பெரியவள் கூடையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை, அதுவாகவே திறந்துகொண்டது. "இங்க பாரு. மெல்லப் புரட்டுகிறேன். மெல்ல உருவுகிறேன். மெல்ல விரிக்கிறேன். ஒண்ணு இல்ல, மூணு மெல்ல. முதல்ல இது என் கண்ணுல படலை. அப்புறம் படிக்கப் படிக்க இதுதான் உறுத்துச்சு. நான் மெல்லப் புரட்டலடி."

"என்னக்கா சொல்றே?"

"கோவத்தோட புரட்டினேன். ஒவ்வொரு தடவை புரட்டும்போதும் அவர் என்ன கேப்பார் தெரியுமா? 'சின்னவ வந்தாளா?' பீத்துணி என் கையில, பேரு அவர் வாயில உன்னோடது. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் புரட்டினேன். சில நாள் வெடுக்குன்னு இழுத்திருக்கேன். அவர் முனகியிருக்கார். அதுக்கப்புறம் எனக்கே என்னைப் பிடிக்காது. மறுநாளும் புரட்டுவேன். அது எதுவும் இதுல இல்ல. இதுல இருக்கிறவ தெய்வம் மாதிரி இருக்கா. அவளை எனக்குத் தெரியாது."

சின்னவள் பக்கத்துச் சைக்கிளின் மணியை விரலால் நெருடினாள்.

"வாசல்லேருந்து மெல்லத்தான் தெரிஞ்சுது" என்றாள் கடைசியில். "நான் பார்த்தது அதுதான்கா. அது பொய் இல்ல."

பெரியவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஒரு கணம் தன் கைகளைத் தானே வாசலில் நின்று பார்ப்பது போலிருந்தது. ஆனால் கோபம் விட்டுக்கொடுக்கவில்லை. "அப்படின்னா வாசல்ல நின்னே எழுது. 'அக்கா மெல்லப் புரட்டுறா'ன்னு எழுது, நான் ஏன்னு கேக்க மாட்டேன். 'நான்'னு எழுதிட்டா கை என்னோடது ஆயிடுது. என் கைக்கு மெல்ல தெரியாது."

ரேடியோ தூரத்தில் நின்று, பேருந்து வருகிறது என்று சைகை காட்டினாள். பெரியவள் போய்விட்டாள்.

அதன் பிறகு சகோதரிகள் பல மாதம் பேசிக்கொள்ளவில்லை. கணவர் இரண்டு பக்கமும் தூது போய்ப் பார்த்து, இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிட்டார். சித்தப்பா மட்டும் வழக்கம்போல வீடியோ அனுப்பினார். இன்னோர் ஊர், இன்னொரு மேடை. படிப்பதற்கு முன் சின்னவள் சொன்னாள்: "இதில் பேசுவது நான் இல்லை, என் அக்கா. நான் வாசலில் நிற்பவள்." கீழே சித்தப்பாவின் குரல்: "என்னம்மா இது, போன தடவை வேற மாதிரி சொன்னாங்களே?" பெரியவள் அவருக்குப் பதில் அனுப்பவில்லை. வீடியோவை மட்டும் மூன்று தடவை பார்த்தாள்.

"கோவம் போச்சா?" என்றார் கணவர்.

"போகலை" என்றாள்.

உண்மையாகவே போகவில்லை. கைதட்டலுக்குத் தலை குனிந்த அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் ஒருநாள் சின்னவள் போன் செய்தபோது எடுத்தாள். மறுபதிப்பு வருகிறதாம். வேண்டாம் என்றால் கவிதையை எடுத்துவிடுகிறேன் என்றாள் சின்னவள்.

"எடுக்காதே. ஜன்னல் இருக்கட்டும். அது நிஜம்."

"மெல்ல?"

"அதைப் பத்திதான் சொல்லிட்டேனே."

சின்னவள் முதல் 'மெல்ல'வை நீக்கிவிட்டாள். மற்ற இரண்டையும் விடமாட்டேன் என்றாள். துணியை உருவும்போது அக்காவின் கை மெதுவாகத்தான் போனது, அதைத் தன் கண்ணால் பார்த்ததாக அடித்துச் சொன்னாள். "உனக்கு என்னைப் பத்தி என்ன தெரியும்" என்று பெரியவள் போனை வைத்தாள். ஆனாலும் அடுத்த வாரம் மறுபடி பேசினார்கள். அந்தச் சண்டை முடியவில்லை. இரண்டு பேரும் முடிக்க விரும்பியதாகவும் தெரியவில்லை.

புத்தகத்தின் மற்ற கவிதைகளையும் பெரியவள் படித்தாள். பாதிக்கு மேல் அவளுக்குப் பிடிக்கவில்லை, ஏன் பிடிக்கவில்லை என்று வரி வரியாகத் தங்கைக்குச் சொன்னாள். மழையைப் பற்றிய ஒன்று மட்டும் பிடிபடாமல் இருந்தது. அதை ரேடியோ எடுத்துக்கொண்டாள்.

"இதுல என்ன சொல்ல வர்றா உன் தங்கச்சி?" என்று சாப்பாட்டு வேளையில் புத்தகத்தை நீட்டினாள்.

"அதை அப்புறம் பார்ப்போம். முதல்ல படி. சத்தமா படி, மெஷின் ஓடுது."